டெம்பரரி என்றால்

பள்ளிக்கூடத்தில் ‘டெம்பரரி’க்கு அர்த்தம் கேட்டால் ‘தற்காலிகம்’ என்று கூவுவோம். வேலைக்கு வந்த பிறகுதான் முழு அர்த்தம் தெரிந்தது. டெம்பரரி கிளார்க்காகச் சேர்ந்து ஆறு வருஷம் அப்படியே கிடந்தேன்.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்ததும் இங்கிலீஷ் கூடாது என்றான். ஆனால் வெள்ளைக்காரன் விட்டுப்போன ஃபாரங்கள் ஆபீசில் கட்டுக்கட்டாக இருந்தன. காகிதப் பஞ்சத்தில் யார் எறிவார்கள்? சயாமில் ரயில்பாதை போட ஆள் எடுத்தபோது அவற்றைத்தான் நிரப்பினோம். ‘டெம்பரரி’, ‘பெர்மனென்ட்’ இரண்டும் அச்சில் இருக்கும். ரூலர் வைத்து இரண்டாவதை அடித்துவிடுவது என் வேலை. கோடு கோணாமல் அடிப்பேன், அந்தப் பெருமை வேறு.

சுங்கை பினாங்கில் எங்கள் பின்வரிசை வீட்டுப் பெண் அப்படி ஒரு ஃபாரத்தோடு வந்தாள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அக்கரையில் பத்து காவான் ஊர்த் தோட்டத்தில் இருக்கும் மாமா வீட்டில் அவரை ஒளித்துவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“இதுல என்னா போட்டிருக்கு அண்ணே?”

“டெம்பரரி. கொஞ்ச நாளைக்குத்தான்லா. மூணு மாசம்னு சொல்றாங்க.”

என் பேச்சை நம்பிப் புருஷனை அனுப்பிவைத்தாள்.

மூன்று மாதம் ஒரு வருஷமானது. காய்ச்சலிலும் பேதியிலும் கூட்டங்கூட்டமாகச் சாகிறார்கள் என்று சூலியா தெருவில் குசுகுசுத்தார்கள். அவளோ மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நின்றபடி, யார் விசாரித்தாலும், “டெம்பரரியாத்தான் போயிருக்காரு” என்பாள். என் காதில் விழும். தலையைக் குனிந்துகொள்வேன். உண்மையைச் சொன்னால் என் தலை போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழை, வேறென்ன!

ஒரு நாள் காலை ஓடிவந்தாள். கையில் அதே ஃபாரத்தில் வீட்டுக்குத் தரும் நகல், அவள் தம்பி பெயரில். கோடு நான் போட்டதுதான். பெயரைப் படிக்காமலே போட்டிருக்கிறேன்.

“தம்பி எங்கம்மா? உடனே பத்து காவானுக்கு அனுப்பு!”

“லாரி ஏறிட்டான் அண்ணே. போமாட்டேன்னு அழுதான். நீங்க அன்னைக்கே அர்த்தம் சொல்லிட்டீங்களேன்னு நான்தான் ஏத்திவிட்டேன். அதே வார்த்தைதானே இது?”

நகலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“சொல்லுங்கண்ணே.”

“அதேதான்.”

“அப்ப ரெண்டு பேரும் வந்துருவாங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு பேரும் வரவில்லை. அவள் ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.