மெம்பரம்மா தூக்கிய கை

ஒரே சாவைக் காட்டி இரண்டு பேர் எதிரெதிராக ஓட்டுக் கேட்டதை நான் என் வாழ்நாளில் ஒரு முறைதான் பார்த்தேன். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பசுவந்தனை ரோட்டை விட்டு விலகி, கரிசல் காட்டுக்கு நடுவே கிடந்த ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே மெம்பரம்மா வீட்டு முற்றத்தில், அடுப்பெரிக்கக் கட்டி வைத்த பருத்திமார்க் கட்டின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பஞ்சாயத்து பிரசிடெண்ட் பேசினார். "மதினி, அன்னைக்கு வண்டி மட்டும் ஓடையத் தாண்டியிருந்தா புள்ள பொழைச்சிருக்கும். நம்ம புள்ளையக் கொன்னது சகதி. ரோட்டுக்குக் கை தூக்குங்க." அவர் தலை மறைந்ததும், அதுவரை வேலிக்கு வெளியே மரியாதையாகக் காத்திருந்த கடைக்கார பாய் உள்ளே வந்தார். "அக்கா, வலி கண்ட புள்ளைய வண்டியில ஏத்துனதே தப்புல்லா. உள்ளூர்லயே ஒரு நர்சம்மா இருந்திருந்தா வண்டி எதுக்கு, ஓடை எதுக்கு? ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க." மெம்பரம்மா இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தார். இரண்டு பேருக்கும் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் பேசியது அவருடைய மூத்த மகளைப் பற்றி. நான் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றேன். உள்ளே போவதா, வந்த வழியே திரும்புவதா என்று தெரியவில்லை.

நான் அப்போது அந்த வட்டாரத்துக் கிராம சேவக். சொந்த ஊர் கயத்தாறு. வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்தது, பஞ்சாயத்து யூனியன்கள் புதிதாக வந்திருந்தன, எனக்கும் புதிதாக மீசை வந்திருந்தது. பயிற்சி நிலையத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள்: மக்களுக்கு எது தேவை என்று நீ போய்ச் சொல்லாதே, அவர்களையே சொல்ல வை, அவர்கள் உணர்ந்து சொல்லும் தேவையைத்தான் நிறைவேற்ற வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. கேட்டால் சொல்லிவிடுவார்கள், சொன்னால் எழுதிக்கொள்ளலாம், எழுதினால் நடந்துவிடும் என்று நம்பிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பையன் மேல் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

மெம்பரம்மா ஓட்டில் நின்று ஜெயித்தவர் இல்லை. பஞ்சாயத்தில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது; பெண்கள் யாரும் நிற்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, புருஷன் இல்லாதவர், வம்பு தும்புக்குப் போகாதவர், அதிகம் பேசாதவர் என்று பார்த்து அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். மெம்பரம்மா என்பது முதலில் கேலிப் பெயர்தான். கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் கதவோரமாக உட்கார்ந்து, முறத்தில் கொண்டு வந்த மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பார். கூட்டம் முடிவதற்குள் நாங்கள் எல்லோரும் தும்மிவிடுவோம். அவருக்கு மட்டும் தும்மலே வராது. தீர்மானம் என்னவாக இருந்தாலும் பிரசிடெண்ட் கையைப் பார்த்துத் தன் கையைத் தூக்குவார். அதற்காகத்தானே போட்டோம் என்று ஊரே சிரிக்கும்.

அவருடைய மூத்த மகளை நான் பார்த்ததில்லை. நான் அங்கே வேலைக்கு வருவதற்கு முந்தின கார்த்திகையில் அந்தப் பெண் போய்விட்டாள். கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பது அங்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வண்டிச் சக்கரத்தில் அப்பி அப்பி, கடைசியில் சக்கரம் உருளாமல் இழுபடும். பேறுகாலத்துக்குத் தாய் வீட்டில் இருந்த பெண்ணுக்கு வலி எடுத்து, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிரித்ததும், பட்டப்பகலில் வண்டி கட்டிக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பாதி வழியில் ஓடையில் வண்டி இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. ஒரு சக்கரத்துக்குப் பிரசிடெண்ட் தோள் கொடுத்தார், மறு சக்கரத்துக்கு பாய் தோள் கொடுத்தார். மழை விட்டபோது வண்டிக்குள் சத்தமும் விட்டுப் போயிருந்தது. இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்ன கதை இது. இரண்டு பேரும் சொல்லும்போது அழுதார்கள். ஆனால் ஒருவர் சகதியைப் பார்த்திருந்தார், மற்றவர் உள்ளூரில் இல்லாத நர்சைப் பார்த்திருந்தார். ரோடு வந்தால் பிரசிடெண்டின் பருத்திப் பொதிகள் சுளுவாகக் கோவில்பட்டி போய்ச் சேரும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது நிஜம்தான். ஆனால் அந்த ரோட்டால் பாயின் கடைச் சரக்கு வண்டிக்கும் லாபம்தானே? அவர்தான் ரோடு வேண்டாம், ஆஸ்பத்திரி என்று நின்றார். எனக்கு அப்போதே குழம்ப ஆரம்பித்துவிட்டது.

யூனியனிலிருந்து வந்த தகவல் எளிமையானது. இந்த வருஷம் உங்கள் ஊருக்கு ஒரு வேலை. பெரிய ரோட்டோடு ஊரை இணைக்கும் சாலை, அல்லது ஊருக்குள் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. ஊர் உழைப்பைத் தர வேண்டும், மற்றதைச் சர்க்கார் தரும். எது என்று தீர்மானம் போட்டு அனுப்புங்கள். கூட்டம் கூடியது. ரோட்டுக்குக் கை தூக்கச் சொன்னபோது மற்ற மெம்பர்களில் சரிபாதி கை எழுந்தது. கூடவே மெம்பரம்மாவின் கையும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொன்னபோது மற்றப் பாதி எழுந்தது. அதோடும் மெம்பரம்மாவின் கை எழுந்தது. அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து நான் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "ரெண்டும் வேணும்லா தம்பி? அதான் ரெண்டுக்கும் தூக்குனேன்" என்றார். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, நாடு இப்போதுதான் தன் காலில் நிற்கிறது, அணை கட்ட வேண்டும், ஆலை கட்ட வேண்டும், எல்லா ஊருக்கும் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் வத்தல் கிள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப, எது இல்லாம சாகலாம்னு எங்கிட்டக் கேக்கீங்களா?" கேலியாகக் கேட்கவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார். பிரசிடெண்ட் கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்.

அந்த இடைப்பட்ட வாரத்தில்தான் பிரசிடெண்டும் பாயும் அவர் முற்றத்துக்கு வந்தார்கள். பாய் போன பிறகு நான் உள்ளே போனேன். எனக்கும் மோர் வந்தது. அவருடைய இளைய மகளைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். மூத்தவளுக்கு வருஷத் திதி முடிந்த பிறகு, அந்தத் தை மாதம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. அதைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். "நீங்க படிச்சவிய. நீங்க சொல்லுங்க தம்பி. எம் மவ எதுனால செத்தா?" என்று கேட்டார். அவரே சொன்னார். மூத்தவளும் கோவில்பட்டியில்தான் வாழ்ந்தாள், ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில். சம்பந்தக்காரர்கள், இங்கேயே இருக்கட்டும், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்க்காவிட்டால், தகப்பன் இல்லாத வீடு, செலவுக்குப் பயந்துவிட்டார்கள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று இவர்தான் பிடிவாதம் பிடித்து, வெயில் காய்ந்த ஒரு நாளில், இதே பாதையில், வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "ரோடுங்காவ, ஆஸ்பத்திரிங்காவ. நான் கூட்டியாந்தத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவளே தம்பி." பயிற்சி நிலையத்தில் இதற்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியெல்லாம் இல்லையம்மா என்று ஏதோ உளறிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரம் அவர் ரோட்டுக்கு மட்டும் கை தூக்கினார். ஏன் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பிரசிடெண்டிடம், "வெள்ளாமை வீடு வந்து சேரட்டும் கொழுந்தனாரே" என்றார். பாயிடம், "ரோடு இல்லாம நர்சு எப்படி வருவா தம்பி? பறந்தா வருவா?" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாய் சில நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலை தொடங்கிய அன்று மண்வெட்டியோடு முதலில் வந்து நின்றவரும் அவர்தான். போட்ட சரளையும் கல்லையும் முதல் மழையிலேயே கரிசல் விழுங்கிவிட்டது. தோண்டி மறுபடியும் போட்டோம். ஓடையில் குழாய் பதித்து மேலே மண் ஏற்றினோம். ஒருவழியாக ரோடு நின்றது. காலையில் ஒரு நடையும் சாயங்காலம் ஒரு நடையும் பஸ் வர ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரி பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. கட்டி முடித்து நெடுநாள் நர்ஸ் வரவில்லை. உள்ளே உர மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்தீர்களா, ரோடு கேட்டதுதான் புத்தி என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டோம். பிறகு ஒரு நர்ஸ் வந்தார், நல்லவர், கைராசிக்காரர். எங்கள் ஊர்ப் பெண்களே காடு கரையெல்லாம் தாண்டி அவரிடம் நடந்து போனார்கள். சாயங்கால பஸ் போன பிறகு வலி கண்ட கீழத்தெருப் பெண் ஒருத்தி அப்படி நடக்க முடியாமல் குழந்தையைப் பறிகொடுத்தாள். அன்றைக்குக் கடைக்குப் போனபோது பாய் எப்போதும் போல எனக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டார். திட்டியிருந்தால் தேவலை. அதே வருஷம் பாம்பு கடித்த ஒரு பையனை அந்த ரோடுதான் காப்பாற்றிக் கொடுத்தது. இதையும் அதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிற புத்தி எனக்கு வரவே இல்லை. பிற்பாடு எத்தனையோ யூனியன்களில் வேலை பார்த்தேன், எது முதலில் என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கும் கூட்டங்களில் பதவிக்கு ஏற்ற மாதிரி தலையை ஆட்டினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் தூக்கிவிடலாமா என்று இருக்கும். போன வருஷம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். தார் ரோடு இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, போன் பண்ணினால் ஆம்புலன்ஸ் வருகிறது. இளவட்டங்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. எல்லாம் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியவன், யாரிடமோ சண்டை போட வந்தவன் மாதிரி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

மெம்பரம்மாவின் இளைய மகளுக்குக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின ஒரு பஸ் பயணத்தை. ரோடு வந்த பிறகு ஒரு நாள் காலை பஸ்ஸில் யூனியன் ஆபீசுக்குப் போக ஏறினேன். மெம்பரம்மா ஒரு துணி மூட்டையோடு ஏறினார். "மவளக் கூட்டியாரப் போறீங்களா மெம்பரம்மா?" என்று கீழே நின்ற பெண்கள் கேட்டார்கள். ஆமா ஆமா என்றார். பஸ் நகர்ந்ததும் என் பக்கம் குனிந்து, "பொய் சொல்லிட்டேன் தம்பி. கூட்டியாரல. நான் அங்கன போயி இருந்துக்கிடப் போறேன், பிள்ள பெறந்த பொறவுதான் வருவேன்" என்றார். மகளைக் கொடுத்த வீட்டில் போய் நாள்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய குறைச்சல் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஊர் என்ன பேசும் என்பதும் தெரியும். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றிக் கேட்டேன்: "இதை நினைச்சுத்தான் அன்னைக்கு ரோட்டுக்குக் கை தூக்கினீங்களாம்மா?" அவர் யோசித்துப் பார்த்தார். "தெரியல தம்பி. கை தானாப் போச்சு."

அதற்குப் பிறகு ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. ஓடை வந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். எந்த இடம் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கே மண் சுமந்திருக்கிறேன். ஆனாலும் பஸ் போன வேகத்தில், இருபக்கமும் ஒரே மாதிரி பருத்தியும் கம்புமாக ஓட, எனக்கும் பிடிபடவில்லை. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் சுவர்கள் தெரிய ஆரம்பித்தபோதுதான், ஓடையைத் தாண்டி எப்போதோ வந்துவிட்டோம் என்று எனக்கு உறைத்தது. சொன்னேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், பிறகு முன்னால் பார்த்தார். பஸ் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள். நான் அவருடைய மூட்டையை வாங்கிக்கொண்டு கீழே நின்றேன். கண்டக்டர் அவசரப்படுத்தினார். அவர் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"இம்புட்டுத் தூரந்தானா தம்பி?" என்றார்.