அக்காவின் காலடியில் ஈரம்

காரின் வெப்பமானி முள் பாதியைத் தாண்டினால் அக்கா முள்ளைப் பார்க்கமாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, இரத்தம் சுத்திகரிக்க வாவிக்கரையிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு என் பழைய காரில் கூட்டிப்போய்க்கொண்டிருந்த காலம் அது. முறை தவறினால் அவளுக்கு மூச்சு முட்டும். உப்பும் தண்ணீரும் கட்டுப்பாடு; உப்பில்லாக் கறிதான் சாப்பிடுவாள், மிடறு மிடறாக அளந்துதான் குடிப்பாள். காரோ ஊற்ற ஊற்றக் குடித்தது. எங்கள் கிணற்று உவர்த் தண்ணீரைத்தான், ஊரில் எல்லோரையும் போல, நானும் ரேடியேற்றருக்கு ஊற்றினேன். ரேடியேற்றருக்கென்று கடையில் விற்கும் கூலன்ற் எல்லாம் குளிர்நாட்டுக்காரன் ஊற்றுவது என்பது எங்கள் ஊர் ஞானம். "எனக்கு அளவு, உன்ட காருக்கு அளவில்லையா தம்பி?" என்று அக்கா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும்.

ஒழுக்கு எங்கே என்று பிடிபடவேயில்லை. காரின் கீழே ஒரு சொட்டும் இல்லை. எஞ்சின் குழாய்கள் காய்ந்து கிடந்தன. அக்காவின் காலடி விரிப்பு மட்டும் ஈரமாயிருக்கும். அது ஏசித் தண்ணீர் என்றார் மெக்கானிக். நானும் நம்பினேன்.

ஒருநாள் காத்தான்குடி நெரிசலில் மாட்டிக்கொண்டோம். முள் ஏறியது. ஏசியை நிறுத்தினேன், இன்னும் ஏறியது. எஞ்சின் சூட்டைக் கொஞ்சமாவது இழுத்தெடுக்கட்டும் என்று, ஒருநாளும் தொடாத ஹீற்றரைத் திறந்துவிட்டேன். சித்திரை வெயிலில் அந்த அனல் நேரே அவள் முகத்தில் அடித்தது. வீங்கிய கால்களோடு, மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தாள். நடு றோட்டில் கார் நின்றால் இவளை என்ன செய்வேன்? அப்போது அவள் குனிந்து விரிப்பைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்தாள்.

"தம்பி, ஏசித் தண்ணி உப்புக் கரிக்குமா? இது நம்மட கிணத்துத் தண்ணி."

உவர் அரித்திருந்தது, அவள் காலடிக்கு மேலே, எஞ்சின் தண்ணீர் ஓடும் ஹீற்றரைத்தான். ஒருவாறு முள் இறங்கி, முறை தவறாமல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அக்கா உள்ளே இருந்த நேரத்தில் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்; அவர் ஹீற்றருக்குப் போன இரண்டு குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று நேரே இணைத்துவிட்டார். இந்த ஊரில் ஹீற்றர் யாருக்கு வேண்டும்? அதோடு ஒழுக்கு நின்றது.

அக்கா போய்விட்டாள். நான் இப்போது கடைக் கூலன்ற்தான் ஊற்றுகிறேன், மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவள் நினைவு வரும். அன்று நெரிசலில் அவள் சொன்னவுடனேயே ஒழுக்கு எங்கே என்று எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கியிருந்தது; இனி ருசித்துப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் அவள் மறுபடியும் குனிந்தாள். விரலை நன்றாக நனைத்து நாக்கில் வைத்தாள். நான் பார்க்காதவன் போல றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.