பெரிய வெள்ளியன்று சுத்தியல்

எங்கள் வீட்டில் பெரிய வெள்ளியன்று மட்டும் அடி விழாது. ஆண்டவரை ஆணியடித்துக் கொன்ற நாள், அன்று வீட்டில் யாரும் இரும்பை ஓங்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். சுத்தியல் கிடையாது, அரிவாள் கிடையாது, விறகு பிளப்பது கிடையாது. அவருடைய கையும் பெல்ட்டும் எப்படியோ அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அன்று ஆணி அடிக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் அடிபடாமல் இருப்பதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்திருந்தது எங்கள் வீடு மட்டும்தான்.

அதனால் நானும் அண்ணனும் செய்ய வேண்டிய சேட்டையை எல்லாம் அந்த நாளுக்கென்று சேர்த்து வைப்போம். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை விடிந்ததும் வட்டியும் முதலுமாக வசூல் செய்துவிடுவார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். கொடைக்கானலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு சைக்கிளை வாங்கி வந்தார். மவுண்டன் பைக் என்ற பேரை அப்போது எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை. கியர் சைக்கிள் என்றார்கள். கருநீல பிரேம், கட்டை விரலால் தள்ளும் கியர், தடித்த டயர். அண்ணனை ரேஸில் ஜெயிக்க வைப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. சிறுமலை மேட்டில் அண்ணன் மிதிக்க, பின்னாலேயே ஸ்கூட்டரில் அப்பா வருவார். பழைய டியூபை வெட்டி ஒரு துண்டு கையில் வைத்திருப்பார். மிதி குறைந்தால் முதுகில் விழும். சட்டையைக் கழற்றும்போது முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள். தடவும்போது அம்மாவும் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

ஒரு பெரிய வெள்ளியன்று அண்ணன் அந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு சாணார்பட்டியில் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டு, முன் சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டு நெளித்துக்கொண்டு வந்தான். அப்பா சக்கரத்தைப் பார்த்தார். மறுநாள் காலையில் அண்ணனின் இடது கையை சைக்கிள் கேரியர் மேல் வைக்கச் சொன்னார். அண்ணன் வைத்தான். பெரிய ஸ்பேனரை எடுத்து ஒரே அடி. ஆள்காட்டி விரலும் நடு விரலும் உடைந்தன. எலும்பு உடையும் சத்தம் சுள்ளி ஒடிவது போல அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஈஸ்டர் அன்று எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தபோது அண்ணன் ஒரு பையோடு கிளம்பிப் போய்விட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்து, பிறகு சொந்தமாக நாலு மெஷின் போட்டு, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்றான். அம்மா செத்தபோது நேராகக் கல்லறைக்கு வந்தான். மண் போட்டுவிட்டு அப்படியே போய்விட்டான். வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

நான் இங்கேயே கணக்கு டீச்சராகி, கல்யாணம் ஒன்று செய்து, அது சரிப்படாமல் திரும்பி வந்து அப்பாவோடு இருக்கிறேன். அந்தாளை ஏன் வைத்துச் சோறு போடுகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் கேட்கத் தோன்றுவதுண்டு. காலையில் இட்லியைப் பிட்டு வைக்கிறேன், அவ்வளவுதான் தெரியும்.

இந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் அண்ணன் போன் செய்தான். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டும் கும்பல் ஒன்றில் சேர்ந்திருக்கிறானாம். எங்கள் வண்டி மாதிரியே பழைய சைக்கிள் ஒன்றின் படத்தை யாரோ போனில் காட்டினார்களாம்.

“நம்ம வண்டி கெடக்கா பாப்பா?”

“கெடக்கு. துருப்பிடிச்சுச் செத்துக் கெடக்கு.”

“ஓட்டுற மாதிரி ஆக்க முடியுமா? வந்து எடுத்துக்கிறேன்.”

“எப்ப வார?”

“பெரிய வெள்ளிக்கு வாரேன்” என்றான்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. ஐம்பது தாண்டியவன், கதவு அகலத்துக்குத் தோள். அப்பாவோ கம்பு இல்லாமல் கக்கூசுக்குப் போக முடியாதவர். இன்னும் அந்த நாளைப் பார்த்துத்தான் வருகிறான்.

பின்கட்டுக் கொட்டகையிலிருந்து சைக்கிளை இழுத்துப் போட்டேன். எனக்கு வேலை தெரியாது. ஆத்திரம் இருந்தது, போனில் வீடியோ இருந்தது. செயின் ஒரே கட்டையாக இறுகிக் கிடந்தது. கட்டரால் வெட்டி எறிந்துவிட்டு, செயினும் டயரும் புதுசு வாங்கி மாட்டினேன். வலது பெடல் கழன்று வந்தது. இடது பெடலை இரண்டு நாள் மாரடித்து இன்னும் இறுக்கிய பிறகுதான் அது எதிர்ப்பக்கம் கழலும் என்று கண்டுகொண்டேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் சொட்டியது. வலித்தாலும் நிறுத்தத் தோன்றவில்லை. அச்சைக் கழற்றியபோது உள்ளே கிரீஸ் தார் போல் இறுகி, பால்ரஸ் குண்டுகள் எல்லாம் குழி விழுந்திருந்தன. அச்சை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டி, புதுக் குண்டுகள் போட்டேன். நெளிந்த முன் சக்கரத்துக்கு போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக் கோட்டம் எடுத்தேன். ஒரு கம்பி அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோது பூனை என்று சொன்னேன்.

அப்பா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். “பொம்பளைக்கு எதுக்குடி ஸ்பேனரு? ஒழுங்காப் பிடிக்கத் தெரியுதா பாரு.” கையில் ஸ்பேனர் இருக்கும்போது அவரிடம் பேசாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

பிரேக்கில்தான் நிறைய நாள் போனது. அண்ணனுக்கு இடது கையில் பிடி இல்லை. அந்த இரண்டு விரலும் மடங்காது. பின் பிரேக்கை வலது கைக்கு மாற்றினேன். இடது கைக்கு வந்த முன் பிரேக்கின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, புதுக் கேபிள் போட்டு, சுண்டு விரலால் இழுத்தாலே பிரேக் கட்டை ரிம்மைத் தொடுகிற மாதிரி வைத்தேன். என் சுண்டு விரலாலேயே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன்.

எல்லாம் சரியானது, சீட் பைப்பைத் தவிர. அலுமினியப் பைப் இரும்பு பிரேமுக்குள் பூத்துப்போய் ஒன்றாகிவிட்டிருந்தது. சீட் அண்ணனின் பள்ளிக்கூட உயரத்திலேயே நின்றது. எண்ணெய் விட்டேன், வெந்நீர் ஊற்றினேன், தொங்கினேன். பெரிய வியாழன் பொழுது சாயும்வரை சுத்தியலால் அடித்தேன். அசையவில்லை. இனி சனிக்கிழமைதான் அடிக்க முடியும்.

எனக்கு அதில் ஒரு கள்ளச் சந்தோஷம். சீட் ஏறாவிட்டால் அண்ணன் சனிக்கிழமை வரை இருந்தாக வேண்டும். இருந்தால் ஈஸ்டர் பூசைக்கும் வருவான், என் கையால் கறிச்சோறு தின்பான். இந்த வீட்டில் அவன் ஒரு நாள் படுத்து எழ வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பயமும் இருந்தது. வெள்ளி தாண்டி இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் என்ன ஆகுமோ என்று.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். கேட்டைத் திறந்து, முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவைத் தாண்டி, சுவரைத் தாண்டுவது போல நேராகப் பின்பக்கம் வந்தான். சைக்கிளைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டான். பிரேக்கை இழுத்தான். இடது கையால் இன்னொரு முறை இழுத்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

“சீட்டு வரல அண்ணே. இன்னைக்கு அடிக்க முடியாது. நாளைக்குப் பாத்துக்கலாம், இருந்துட்டுப் போ.”

“இல்ல பாப்பா. இன்னைக்கே போயிரணும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இம்புட்டு வயசாகியும் அந்த ஆளுக்கா பயப்படுற? அவரால கம்பு இல்லாம நடக்க முடியல.”

அவன் பிரேமைத் தடவிக்கொண்டே சொன்னான். “அவருக்கு இல்ல. என்னை நெனச்சாத்தான் எனக்குப் பயம். என்னைக்காவது ஒரு நாள் அந்த ஆளக் கொன்னுருவேன்னு தோணும். இந்த ஒரு நாளுதான் நம்ம வீட்ல யாரும் கை ஓங்காம இருந்து பழகுனது. அதான் இன்னைக்கு வந்தேன்.”

இத்தனை வருஷமும் அவன் அடிக்குப் பயந்து ஓடினான் என்றே நினைத்திருந்தேன்.

கையாலேயே முயன்று பார்த்தோம். அண்ணன் தரையில் குந்தி, பிரேமை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டான். நான் சீட்டைப் பிடித்துத் திருகினேன். அப்போது கம்பு தட்டும் சத்தம் கேட்டது. அப்பா வந்து நின்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்: “ஏலே, ஒரு சீட்டக் கழட்ட வக்கில்ல. நீயெல்லாம் எதுல ஜெயிக்கப் போற?”

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. தலையைத் தூக்கவில்லை. “அப்பா, உள்ள போங்க” என்றேன். அவர் கேட்கவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, பெட்டியில் கிடந்த சுத்தியலை எடுத்தார். “ஒரே அடி. தள்ளுங்கடா” என்று ஓங்கினார்.

அவர் சீட்டைத்தான் அடிக்கப் போனார். அது எனக்குத் தெரியும். ஆனால் கீழே குந்தியிருந்த அண்ணனின் தலைக்கு மேலே அந்த இரும்பு உயர்ந்ததும், அவன் பிரேமை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பள்ளிக்கூடத்துப் பையனின் சத்தம். சைக்கிள் சாய்ந்து என் காலில் விழுந்தது.

அந்தச் சத்தத்தை அவனே கேட்டுவிட்டான். அதுதான் விபரீதம். எழுந்தான். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். சுத்தியல் கீழே விழுந்தது. இடது முழங்கையை அவர் நெஞ்சில் கொடுத்துச் சுவரோடு வைத்து அழுத்தினான். அப்பாவின் கால் தரையில் பாவவில்லை. சுவரில் தலை மோதிய சத்தம் கேட்டது. அண்ணனின் வலது கை முஷ்டியாகிப் பின்னால் போய் நின்றது, அந்த முகத்துக்கு நேராக. அப்பா கண்ணை மூடவில்லை. நான் அண்ணனின் கையில் தொங்கினேன். அவன் உதறியதில் துணி துவைக்கிற கல்லில் போய் விழுந்தேன்.

எழுந்தபோது சுத்தியல் என் காலடியில் கிடந்தது. வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. எடுத்தேன். கிடந்த சைக்கிளை மிதித்துக்கொண்டு சீட்டுக்குக் கீழே ஓங்கி அடித்தேன். இன்னொன்று அடித்தேன். அப்பாவை நினைத்து அடித்தேன், ஓடிப்போன அண்ணனை நினைத்து அடித்தேன், எண்ணெய் தடவிக்கொண்டே செத்துப்போன அம்மாவை நினைத்து அடித்தேன். கோயில் மணிகூட அடிக்காமல் மரக்கட்டையைத் தட்டுகிற நாளில் தெருவெல்லாம் இரும்புச் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டி, “அடப் பாவிகளா, ஆண்டவர் செத்த நாளுடி இன்னைக்கு” என்று மார்பில் சிலுவை போட்டாள். நான் நிறுத்தவில்லை.

ஒரு அடியில் சத்தம் மாறியது. சீட் அசைந்தது. பிடித்துத் திருகினேன், வெள்ளைத் தூள் கொட்ட, பைப் மேலே வந்தது.

“வந்துருச்சு அண்ணே” என்றேன். “எடுத்துட்டுப் போ. போயிரு.”

அண்ணன் என்னைப் பார்த்தான். அப்புறம் தன் முஷ்டியைப் பார்த்தான். கையை எடுத்தான். அப்பா சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அண்ணன் சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றினான், நட்டை இறுக்கினான். என் தலையில் ஒரு முறை கை வைத்தான். கேட்டைத் தாண்டி ஏறி உட்கார்ந்து ஒட்டன்சத்திரம் ரோட்டுப் பக்கம் திரும்பினான். கஞ்சி காய்ச்சி வைத்திருந்தேன். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவன் தங்கட்டும் என்று அத்தனை நாள் ஆசைப்பட்டுவிட்டு, என் கையாலேயே அனுப்பி வைத்தேன்.

அப்பாவின் மணிக்கட்டு வீங்கி, நாலு விரலும் பதிந்திருந்தது. தைலம் தேய்த்துவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது.

“ஒட்டன்சத்திரம் வந்துட்டேன் பாப்பா. வண்டி வெண்ணெய் மாதிரி போகுது. இங்கேர்ந்து பஸ்ல ஏத்திக்கிறேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “அந்தாளு கை எப்பிடி இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

கட்டிலில் கிடந்த அப்பா தலையைத் திருப்பினார். “யாரு, அவனா? பாத்தியா, கை ஓங்கினானே தவிர அடிக்கல. இன்னும் எங்கிட்ட பயம் இருக்கான்னு கேளு.”

போனைக் கையால் மூடுவதற்குள் அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. லாரிகள் போகும் சத்தம் மட்டும் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவானோ என்று பயந்தேன்.

“இருக்குன்னு சொல்லு பாப்பா” என்றான்.

சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.