மெத்தைக் கடை கேப்டன்

கதவு எவ்வளவு உயரமாக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைவார். வங்கியின் வாசலில் லாரியே புகுந்து வரலாம், அங்கும் குனிவார். உள்ளே போய் நிமிர்ந்ததும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விடுவார். பார்த்திருந்தால், "நமக்கு எங்க போனாலும் இதே தொல்லைங்க" என்று சலித்துக்கொள்வார். பார்க்காவிட்டால் நெற்றியைத் தடவி, "ஸ்ஸ்" என்பார்.

எங்கள் தெருவில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். அவரே சொல்லிக் கொடுத்த பெயர். ஒரு காலத்தில் பெரிய கிளப் ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடியவர். இப்போது மெத்தைக் கடையில் விற்பனையாளர். ஆறடி ஏழங்குல மனிதர் மெத்தை விற்பதில் ஒரு வசதி உண்டு. வாடிக்கையாளர் யோசித்துக்கொண்டு நின்றால், செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைமேல் நீட்டிப் படுத்துவிடுவார். "எனக்கே பத்துது, உங்களுக்குப் பத்தாதா?" வந்தவர் குள்ளமாக இருந்தால் அந்த அவமானத்திலேயே வாங்கிவிடுவார். நானும் அப்படி வாங்கியவன்தான். அன்று பிடித்தது முதுகுவலி. புகார் சொல்லப் போனேன். "நீங்க படுக்கிற விதம் தப்பு. விளையாட்டுக்காரன் படுக்கிறதே வேற" என்று மறுபடியும் படுத்துக் காட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கியும் போனார்.

எந்தப் பேச்சையும் ஆட்டத்தில் கொண்டுவந்து முடிப்பார். மழை என்றால், மழை நாளில் நடந்த ஆட்டம். பல்வலி என்றால், எதிரணிக்காரனின் முழங்கை. எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது அரையிறுதிக் கதை. "கடைசி நிமிஷம். பந்து என் கையில. எகிறினேன் பாருங்க, நேரா உள்ள! மொத்த அரங்கமும் வாயடைச்சுப் போச்சு. இன்னிக்கும் அந்தக் கூடையைப் பத்திப் பேசறாங்க சார்." யார் ஜெயித்தார்கள் என்று மருந்துக்கடைக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். பார்த்து அப்போதுதான் கேப்டனுக்குப் போன் வந்தது. மணி அடித்தது எங்களில் யார் காதிலும் விழவில்லை.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். ஊசி குத்துவது தொழில். வீட்டிலும் அதை விடுவதில்லை. "மேல் அலமாரியில இருக்கறதையாவது எடுத்துக் குடுப்பாருன்னுதான் கட்டிக்கிட்டேன். கையைத் தூக்கச் சொன்னா, தோள்ல பழைய அடிங்கறாரு. இன்னும் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறிக்கிட்டிருக்கேன்." ஆனால் வெளியாள் யாராவது கேப்டனைக் கிண்டல் செய்தால் அந்த அம்மாளின் முகம் மாறிவிடும். அந்த உரிமையைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். அப்பா ஆடி அவள் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்குள் ஆட்டத்தை விட்டுவிட்டதாக அவர் சொல்கிறார். ஆட்டம்தான் அவரை விட்டுவிட்டது என்றும் சொல்லலாம்.

போன மாதம் அந்தக் கிளப் புது அரங்கம் திறந்தது. விழாவில் பழைய வீரர்களின் ஆட்டமும் உண்டு என்று கேப்டனுக்கு அழைப்பு வந்தது. அவர் சொல்லாமல் விட்ட ஆள் தெருவில் பாக்கியில்லை. கடையில் தலையணைகளை ஒவ்வொன்றாக மேல் அடுக்குக்கு வீசிப் பயிற்சி எடுத்தார். "அது விக்கிற சாமான்யா!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"முதல் அஞ்சு பேர்ல நீங்க இருப்பீங்கல்லப்பா?" என்று மகள் கேட்டாள். தோழிகளையும் வரச் சொல்லியிருந்தாள்.

"கேப்டன் இல்லாம எப்படிம்மா ஆரம்பிப்பாங்க?"

தெருக்காரர்கள் நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம்.

முதல் அடி ஒலிபெருக்கியிலிருந்து விழுந்தது. ஒருவரை மின்னல் என்றார்கள், ஒருவரைக் கோட்டைச் சுவர் என்றார்கள். கேப்டன் முறை வந்ததும் அறிவிப்பாளர் கொஞ்சம் விழித்தார். பிறகு, "நம் அணியின் மிகப் பொறுமையான வீரர்!" என்றார். பழைய ஆட்டக்காரர்கள், "பெஞ்சு! பெஞ்சு!" என்று கத்திக் கைதட்டினார்கள். எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முன்னாள் வீரரிடம், அதென்ன பெயர் என்று கேட்டேன்.

"வந்த நாள்லேருந்து போன நாள் வரைக்கும் பெஞ்சுலதானே உக்காந்திருந்தான்! ஒரே ஒரு தடவை, அரையிறுதியில, எங்க ஆளுக்குக் கணுக்கால் பிசகிடுச்சுன்னு இவனை இறக்குனோம். போட்டான் பாருங்க ஒரு கூடை! இடைவேளைக்கப்புறம் பக்கம் மாறிட்டதை மறந்துட்டு எங்க கூடையிலயே போட்டுட்டான். அதுலதான் தோத்தோம். இன்னிக்கும் அதைத்தான் பேசிச் சிரிக்கிறோம்."

அரையிறுதிக் கதையில் கேப்டன் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அரங்கம் வாயடைத்துத்தான் போயிருக்கும்.

பக்கத்தில் இருந்த மகள் காதிலும் இது விழுந்துவிட்டது. தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் தன் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். நீ ஆட்டத்தைப் பாரு."

வந்த வீரர்களில் பாதிப்பேருக்கு முட்டி இல்லை, மீதிப்பேருக்கு மூச்சு இல்லை. ஆகவே கேப்டன் நிஜமாகவே முதல் ஐந்து பேரில் இறங்கினார். வாழ்க்கையில் முதல்முறை. பந்து போகும் இடத்துக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒருமுறை அவர் கைக்கே வந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு, நடுவரிடம் போய், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அரங்கம் சிரித்து உருண்டது. நடுவர் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் வீசினார். பந்து பலகையைக்கூடத் தொடாமல் ஒரு புகைப்படக்காரரின் மடியில் போய் விழுந்தது. மகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கேப்டன் தானாகவே கையைத் தூக்கி, மாற்று ஆள் கேட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் ஆளே வேறு. துண்டைத் தோளில் போட்டார். இரண்டு முட்டிகளிலும் முழங்கையை ஊன்றினார். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "அவனுக்கு வலது முட்டி மடங்காது, அந்தப் பக்கமா போ! பந்தைப் பாக்காத, ஆளைப் பாரு! மூலையில ஒருத்தன் சும்மா நிக்கிறான், அவன்கிட்ட குடு!" மற்றவர்கள் ஓடிய காலமெல்லாம் இவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சொன்னபடி ஆடினார்கள், கூடைகள் வரிசையாக விழுந்தன, பின்தங்கியிருந்த அணி சமத்துக்கு வந்தது. மகள் இருக்கைமேல் ஏறி நின்று, "இன்னும் சத்தமா சொல்லுங்கப்பா!" என்று கத்தினாள். தோழிகள் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

கடைசி நிமிடத்தில் இவர்கள் அணியில் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். பழைய கோச் கைத்தடியோடு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "எந்திரிச்சு வாடா!" அரங்கம் மொத்தமும், "பெஞ்சு! பெஞ்சு!" என்று கூப்பிட்டது.

கேப்டன் இந்த வளையத்தைப் பார்த்தார். அந்த வளையத்தைப் பார்த்தார். பிறகு இடது காலைத் தூக்கி வலது தொடைமேல் போட்டு, நிதானமாக ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.