பூட்டிய வீடுகளின் குடங்கள்

காலை எட்டே காலுக்குக் கோவில்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் முதலில் விசாரித்தது திரும்பிப் போகும் வண்டியைத்தான். போன இடத்தில் செருப்பைக் கழற்றுவதற்குள் கிளம்பும் நேரத்தைக் கேட்கிற ஆள் என்று என் மனைவி கேலி செய்வாள். மதுரைப் பக்கம் போகும் வண்டி மாலை ஆறரைக்கு. இது 2001, மார்ச் மாதம். கும்பகோணத்து வாய்க்கால் கரையில் வளர்ந்த எனக்குக் கரிசல் காட்டைப் பார்க்க நெடுநாள் ஆசை. அதற்கு ஒரு பகல் போதும் என்று நினைத்திருந்தேன்.

என்னோடு கல்லூரியில் படித்த தங்கராஜ் இங்கே ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியர். பஸ் நிலையம் எதிரே இரண்டு ரூபாய்க்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினான்.

"பனைக்கரிசலுக்குப் போறேன். நீரு காட்டப் பாரும், நான் ஆள எண்ணுதேன். ஏறும்வே."

"ஆறரை வண்டி?"

"ஆறு மணிக்குக் கொண்டாந்து விட்டுருதேன், போதுமா?"

கழுகுமலைச் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர். பிறகு இடப்புறம் திரும்பி நான்கு கிலோமீட்டர் மண்பாதை. பருத்தி எடுத்து முடித்த நிலம் இருபக்கமும் கறுத்துக் கிடந்தது, வெடிப்புகளில் என் கை முழங்கை வரை போகும். மழை பெய்தால் இதே மண் வண்டிச் சக்கரத்தை விடாதாம். மரம் என்று பார்த்தால் பனை, இல்லாவிட்டால் சீமைக்கருவேலம். நடுநடுவே தீப்பெட்டி ஆபீஸ்களின் நீண்ட கொட்டகைகள். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைத்துக்கொண்டேன். தீக்குச்சி அடுக்கும் இடத்துக்கே இங்கே அந்தப் பெயர்.

வழியில் தங்கராஜ் விஷயத்தைச் சொன்னான். அந்த ஊராட்சியில் ஏழு குக்கிராமங்கள். பனைக்கரிசலில் முந்நூறு பேராவது இருந்தால் இந்த ஆண்டுத் திட்டத்தில் தனியாக ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கிடைக்கும். போன முறை போனவர் எழுதியது நூற்றெழுபது. பட்டியல் நாளைக் காலை தூத்துக்குடிக்குப் போகிறது. இன்று இவன் எழுதுவதுதான் கடைசி.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரே பூட்டிக் கிடந்தது. ஒரு கோழியும், வேம்படியில் படுத்திருந்த ஒரு கிழவரும்தான் கண்ணில் பட்டார்கள். ஊராட்சித் தலைவி பொன்னுத்தாய் தெருமுனையில் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். வெறும் நெற்றி, வெளிறிய சேலை, கையில் ஒரு நோட்டு.

"எல்லாரும் வேலைக்குப் போயிருக்காவ சார். விடியக்கால அஞ்சு மணிக்கு ஆபீஸ் பஸ்சு வந்து ஏத்திட்டுப் போயிரும். ஆம்பளையள் மில்லுக்குப் போயிருதாவ. புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு."

"எப்பம்மா வருவாவ?"

"சாயந்தரம் ஆறரை ஆவும்."

ஆறரை என்றதும் சட்டைப்பையில் இருந்த டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தங்கராஜ் வீடு வீடாகப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துக் குறித்தான். எனக்கு உட்கார முடியவில்லை. தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வெயிலோ மண்டையைப் பிளந்தது. தெருவை அடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒன்றை உதைத்து உருட்டிவிட்டேன். பொன்னுத்தாய் ஓடிவந்து, அது இருந்த வட்டத் தடத்திலேயே அதைத் திரும்ப வைத்தார்.

"பாத்து நடங்க அண்ணாச்சி. கொடம் விலகினா சண்டை வந்துரும்."

வெறும் குடத்துக்கு இவ்வளவு பாடா என்று நினைத்தேன். பேசாமல் இருந்தது நல்லதாயிற்று.

மதியம் அவர் கம்பங்கூழும் வெங்காயமும் கொடுத்தார். தண்ணீர் கேட்டேன். அரை டம்ளர் வந்தது. இன்னொரு முறை கேட்க வாய் வரவில்லை.

மாலை நான்கு மணி. தங்கராஜ் பேனாவை மூடினான். "பூட்டின வீட்டுல ஆள் இருக்குன்னு நான் எப்படிம்மா எழுத? ஆளப் பாத்தாத்தான் எழுத முடியும்."

"ஆளு வேற எங்க சார் இருக்கு? அந்தா நிக்கி பாருங்க." பொன்னுத்தாய் குடங்களைக் காட்டினார். "இங்கன தலைக்கு ஒரு கொடம். கைப்புள்ளைக்கும் ஒண்ணு. பஸ்சு ஏறும் முன்ன வரிசையில வச்சிட்டுப் போயிருவாவ. சாயந்தரம் ஏழு மணிக்குக் கரண்டு வரும், மோட்டார் ஓடும். ஒரு கொடம் கூடுதலா வச்சா ஊரே சண்டைக்கு வந்துரும்."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் வீட்டின் எழுத்தும் ஒரு எண்ணும் பெயிண்டால் எழுதியிருந்தன. தங்கராஜ் எண்ணினான். முந்நூற்று நான்கு.

"கொடத்த எண்ணினேன்னு ஆபீஸ்ல சொல்ல முடியுமாம்மா? ஆறரை வரைக்கும் இருந்தா ஆளையே எண்ணிரலாம். ஆனா..." அவன் என்னைப் பார்த்தான். பொன்னுத்தாயும் பார்த்தார்.

கூசிப் போனேன். முந்நூறு பேரின் தண்ணீர் என் டிக்கெட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் என் கை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்ததை மறைக்க மாட்டேன். "இருப்போம். காலை வண்டியில் போய்க்கொள்கிறேன்" என்றேன்.

ஆறரைக்குப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இரண்டு பஸ்கள் வந்தன. அதற்குள் பிள்ளைகளும் மில்காரர்களும் வந்துவிட்டார்கள். பொன்னுத்தாய் குரல் கொடுத்தார்: "ஏட்டி, யாரும் வீட்டுக்குப் போவாதிய! அவிய அவிய கொடத்துக்கிட்ட நில்லுங்க!" விரல்களில் தீக்குச்சி மருந்துக் கறையோடு பெண்கள் நின்றார்கள். இடுப்பில் குழந்தை இருந்தவள் இரண்டு குடங்களுக்கு நடுவே நின்றாள். வேம்படிக் கிழவரும் எழுந்து வந்தார். தங்கராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எழுதிக்கொண்டே போனான்.

வரிசையின் கடைசிக்கு முந்தைய பச்சைக் குடத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. பக்கத்தில் பொன்னுத்தாய் தன் குடத்தோடு நின்றிருந்தார்.

"இது யாரு கொடம்மா?"

"எங்க வீட்டுக்காரர் கொடம் சார். அவிய தவறிப் போயி மூணு மாசம் ஆச்சு." தங்கராஜ் பேனாவை நிறுத்தினான். "ஊருக்குத் தெரியும். அந்தத் தண்ணியப் பள்ளிக்கூடத் தொட்டியிலதான் ஊத்துதேன். எடுக்க மனசு வரல."

அவரே குனிந்து அந்தக் குடத்தை எடுத்தார். பின்னால் இருந்த குடத்தை நகர்த்தி இடைவெளியை அடைத்தார். "முந்நூத்தி மூணுன்னு எழுதுங்க சார்."

மறுநாள் காலை வண்டியில், பத்து ரூபாய்க் கடலை மிட்டாய் பொட்டலத்தோடு ஊர் திரும்பினேன். எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. ரேஷன் அட்டையில் ஐந்து பெயர்கள். மகன்கள் இருவரும் சென்னைக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா இறந்து ஆறு ஆண்டுகள். தாலுகா அலுவலகம் தெருக்கோடியில்தான் இருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு முறை அதன் வாசல் வரை போனேன். மூன்றாம் முறை உள்ளே போய், மகன்கள் பெயரை நீக்க மட்டும் மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.