நெஸ் அக்கா எதையும் விடமாட்டாள்

எங்கள் வீட்டில் மாடியில் நாங்கள், கீழே என் ஓரகத்தியின் குடும்பம். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியான அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. டாக்டருக்குத் தமிழ் வராது, நோயாளிக்கு இங்கிலீஷ் வராது, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் அவள்.

ஆஸ்பத்திரிக்கு வருகிற தமிழ்ச் சனம் முழுக்க அவளுக்கு வைத்த பெயர் நெஸ் அக்கா. ஆரம்பித்து வைத்தவர் மூட்டுவலிக்கு வந்த ஒரு கிண்டல்காரர். டிஸ்ஸினஸ், வீக்னஸ், ஸ்டிஃப்னஸ் என்று அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நாம எதைச் சொன்னாலும் இந்தம்மா நெஸ்ஸுன்னு முடிச்சுக் குடுத்துடுது" என்றாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையே வேடிக்கை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் தலைப்பிரசவம். நர்ஸ் வந்து வரிசையாக ஏதேதோ நெஸ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஒன்றும் புரியாமல், மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் எஸ் எஸ் என்று தலையாட்டியிருக்கிறாள். பிள்ளை சுகமாகப் பிறந்த பிறகும் அவளை வீட்டுக்கு விடவில்லை. இத்தனை நோய் ஒரே உடம்பில் இருக்கிறதே என்று டாக்டர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டிலில் படுத்தபடியே, இந்த நெஸ்ஸை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாளாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே படித்து, பரீட்சையில் ஒரு தடவை கோட்டைவிட்டு, மறு தடவை பாஸ் பண்ணி, அதே ஆஸ்பத்திரியில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நுழைந்தாள்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கெல்லாம் நெஸ் என்று முடிந்தால் தமிழில் 'மை' போடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்வீட்னஸ் என்றால் இனிமை, ஸாஃப்ட்னஸ் என்றால் மென்மை. மார்க் வாங்க அது போதும். ஆனால் உணர்வின்மையால் அவதிப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எந்த மனுஷனும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். "செருப்பு கழண்டு பின்னாடியே கிடக்குதும்மா, அது தெரியாம நான் பாட்டுக்கு நடந்து வந்துட்டேன்" என்பான். அதுதான் நம்னஸ். அக்கா செருப்புக் கதையையும் சொல்லுவாள், நெஸ்ஸையும் சொல்லுவாள். உட்கார்ந்து எழுந்தால் போய்விடுகிற களைப்பு டயர்ட்னஸ். உட்கார்ந்திருக்கும்போதே டம்ளரைத் தூக்க முடியவில்லை என்றால் அது வீக்னஸ். சுவர் சுற்றினால் டிஸ்ஸினஸ். சுவர் அப்படியே நிற்க நாம் மட்டும் மிதந்தால் லைட்ஹெடட்னஸ். ஒவ்வொரு நெஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு வாசல் உண்டு, மாற்றிச் சொன்னால் மனுஷன் தப்பான வாசலில் போய் நிற்பான் என்பாள். இதையெல்லாம் எனக்குக் காய் நறுக்கும்போது சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி டாக்டர் ஆன நினைப்பு.

அவள் தொழிலில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, நோயாளி 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் டாக்டரைப் பார்த்து, "நான் எட்டு மாதக் கர்ப்பம்" என்பாள். மத்தியானம், "ஷேவ் பண்ணும்போது எனக்குக் கை நடுங்குகிறது" என்பாள். இரண்டாவது, அறைக்குள் யார் எதைப் பேசினாலும் மறுபக்கம் போயாக வேண்டும். முணுமுணுத்தாலும் சரி, திட்டினாலும் சரி. ஒரு தடவை நோயாளியின் மனைவி, "இந்தாளு தூங்கி வழியிறாரு, இவரு என்னத்தப் பாத்து" என்று தனக்குள் சொல்லிக்கொண்டதைக்கூட அப்படியே இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலேயே இரண்டு மொழியிலும் எச்சரிக்கை கொடுத்துவிடுவாள்: இங்கே பேசுவதெல்லாம் அந்தப் பக்கம் போகும், போக வேண்டாம் என்று நினைப்பதைப் பேச வேண்டாம்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் அவருக்கு ஒரு ராஜ மிதப்பு. பிள்ளைகள் எல்லாம் அங்கிள் அங்கிள் என்று உயிரை விடும். ஒருநாள் காலையில் குளியலறையில் விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார். கேட்டால் களைப்பு என்றார். நான் துண்டைச் சுற்றிக் கட்டி, இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

சொந்தக்காரர்களுக்கு மொழிபெயர்க்கக்கூடாது என்பது அங்கே விதி. ஆனால் அன்று இன்னொரு மொழிபெயர்ப்பாளர் லீவு. போனில் கிடைப்பவருக்கு நேரமாகும் என்றார்கள். இவர் என் கொழுந்தன் என்று அக்கா முதலிலேயே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவர் நெற்றியைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, காத்திருக்க வேண்டாம் என்றார். நான் கவுண்ட்டரில் விலாசம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது, டாக்டர் அறைக்கு வெளியே என் வீட்டுக்காரர் அக்காவிடம் குனிந்து ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. "களைப்புன்னே முடிச்சிடுங்க அண்ணி" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. "நான் குழாய்தான் தம்பி. நீங்க ஊத்துறதுதான் வரும்" என்றாள் அவள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னாள். சொந்தக் கொழுந்தனுக்கு எதற்கு இந்த நீட்டி முழக்கல் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னாள். இப்போது நினைத்துப் பார்த்தால், அதற்குமேல் ஒரு மனுஷியால் என்ன செய்ய முடியும்?

விழுவதற்கு முன்னால் என்ன ஆயிற்று என்று டாக்டரம்மா கேட்டார். களைப்பு என்றார் இவர். டயர்ட்னஸ் என்றாள் அக்கா. இதற்கு முன்னால் இப்படி ஆனதுண்டா என்பது அடுத்த கேள்வி. இவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் சாய்ந்து, ரகசியம்போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அண்ணி, வேன்ல நடந்தத மட்டும் சொல்லிடாதீங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன். அக்காவின் கட்டைவிரல் கழுத்து அட்டையின் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, அதே தாழ்ந்த குரலில், இங்கிலீஷில், அண்ணி என்பதைக்கூட விடாமல், வேனில் நடந்ததை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வேனில் என்ன நடந்தது என்று கேட்டார். அக்கா அதைத் தமிழில் கேட்டாள். இவர் அவளை முறைத்தார். அவள் கண்ணை எடுக்காமல் மறுபடியும் கேட்டாள்.

அப்புறம் சொன்னார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு திருப்பம். திரும்பியது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது, வேன் நடைபாதைமேல் ஏறி நிற்கிறது, பின்சீட்டுப் பெண் இவருடைய தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒன்றும் இல்லை. யாருக்கும் அடி இல்லை என்பதால் வண்டியைப் பின்னால் எடுத்து, பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதன்பிறகும் தினமும் ஓட்டியிருக்கிறார். அக்கா இதையெல்லாம் 'நான்' 'நான்' என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் திரும்பினேன், எனக்கு ஞாபகமில்லை, என் தோளைப் பிடித்து உலுக்கினாள் என்று.

தூக்கம் வந்ததா, தலை சுற்றியதா, மிதந்ததுபோல இருந்ததா என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். "தூக்கமும் இல்ல, சுத்தலும் இல்ல. லைட்ட அணைச்சாப்புல" என்றார் இவர். அக்கா லைட் அணைந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா ஒரே வார்த்தையாக எழுதிக்கொண்டார்: அன்கான்ஷியஸ்னஸ். இதயத்தைச் சோதிக்க வேண்டும், அதுவரை ஓட்டுநர் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படும் என்றார். அதையும் அக்காதான் எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் நான் வாயை அடக்கவில்லை. எங்கள் வயிற்றில் அடித்துவிட்டீர்களே அக்கா, களைப்பு என்று ஒரு வார்த்தை போதாதா என்று கேட்டேன். வேறு எவளாக இருந்தாலும் கேட்டிருப்பாள்.

"அந்த ரூம்ல நான் உன் அக்கா இல்லம்மா" என்றாள். "இங்க வெளிய அக்காதான். நல்லாத் திட்டு."

திட்டத்தான் செய்தேன். அவள் கேட்டுக்கொண்டே என் தோளில் கையைப் போட்டு, இதயப் பரிசோதனை அறைவரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே, இதயத்துடிப்பு நடுநடுவே நின்று நின்று போவதாகக் கண்டுபிடித்தார்கள். நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் கோபம் அன்றைக்கே கரைந்துவிட்டது.

அவருடையது கரையவில்லை. வேன் கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். வண்டி ஓட்ட விடாவிட்டாலும் ஆபீசில் போன் எடுக்கிற வேலை கொடுத்தார்கள். எந்த வேன் எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். வேனைத் தவிர எல்லாம் இருக்கிறது என்று புலம்புவார். அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவள் வாசலில் நின்றால் இவர் ஷூ லேஸைக் கட்டுவதுபோலப் படியில் குனிந்துகொள்வார். அவர் போட்டிருந்த ஷூவுக்கு லேஸே கிடையாது. காய் நறுக்கும்போது அக்காவின் நெஸ் கதைகள் குறைந்துவிட்டன. வீட்டில் ஒரு நாற்காலி உடைந்த மாதிரி இருந்தது.

மறுபரிசோதனைக்கு நாள் வந்தது. இந்தத் தடவை வேறு மொழிபெயர்ப்பாளர் தயாராக இருந்தார். இவர் எனக்கு அண்ணிதான் வேண்டும் என்று அடம் பிடித்தார். விதியைச் சொல்லியும் கேட்கவில்லை, கடைசியில் டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். எனக்குத் திக்கென்றது. ஏதோ கணக்குத் தீர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவளைப் போல வந்து உட்கார்ந்தாள். எச்சரிக்கையைச் சொன்னாள். தெரியும் என்று இவர் தலையாட்டினார்.

டிஸ்ஸினஸ் இல்லை. டயர்ட்னஸ் இல்லை. ப்ரெத்லெஸ்னஸ் இல்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். இருக்கிறது என்றார் இவர். அக்காவைப் பார்க்காமல், டாக்டரம்மாவை நேராகப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"டாக்டர், அன்னிக்கு எங்க அண்ணி என் பேச்சைக் கேட்டுச் சொல்லாம விட்டிருந்தா, இன்னிக்கு நான் யாரோ வீட்டுப் பிள்ளையக் கொன்னுட்டு நின்னுருப்பேன். இல்ல, நானே இருந்திருக்க மாட்டேன். அவங்கமேல கோவப்பட்டது என் தப்பு. வீட்டுல இத அவங்க முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல. இங்க சொன்னா, அவங்க திருப்பிச் சொல்லித்தான் ஆகணும்."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்துக் காத்திருந்தார். அக்கா தொண்டையைச் செருமினாள். பிறகு ஆரம்பித்தாள். என் அண்ணி சொல்லாமல் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, அவர்கள்மேல் கோபப்பட்டது என் தப்பு என்பதையும் சொல்லி, வாய் வராத கதையையும், திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கடைசி வரியையும் சேர்த்து, ஒரு சொல் குறையாமல், எல்லாவற்றையும் 'நான்' என்றே சொல்லி முடித்தாள். குரல் உடையவில்லை. கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வழிந்து அட்டைமேல் விழுந்தது.

டாக்டரம்மா டிஷ்யூ பெட்டியை எடுத்து, மெதுவாக, டிஷ்யூ வேண்டுமா என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "டிஷ்யூ வேணுமா?" என்று தமிழில் கேட்டாள்.

"அவங்களுக்குக் குடுங்க" என்றார் இவர்.

அவர்களுக்குக் கொடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அக்கா கையை நீட்டினாள்.