அப்பாவுக்கு ஒரு லேசான விஸ்கி

"ரொம்பக் காரமில்லாததா, விலையும் கையைக் கடிக்காததா, புதுசா ஆரம்பிக்கறவாளுக்கு ஒத்துக்கற மாதிரி ஒரு ஸ்காட்ச் விஸ்கி இருக்குமா? உங்க ஆபீஸ்ல யாரையாவது விசாரிச்சுப் பாரேன்."

என்னிடம் இதைக் கேட்டது என் அப்பா. காலைக் காப்பியை முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இருமல் மருந்து கேட்பதுபோலக் கேட்டார். வெங்காய சாம்பார் வாசனை வந்தாலே ஓட்டலிலிருந்து எழுந்து வந்துவிடுகிற மனிதர். கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அதிகாரி. கல்கத்தாவில் இத்தனை காலம் இருந்தும் ரசகுல்லாவைத் தாண்டி வெளிப் பண்டம் எதையும் வாயில் வைத்தவர் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுக்களையில் அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் பாலிகஞ்ச் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

விஷயம் இதுதான். அது எழுபதுகளின் கடைசி. நான் கல்கத்தா டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஸ்டெனோ. ஒரு வங்காளிப் பையனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அப்பா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே, "சரி, அவா ஆத்துக்குப் போய்ப் பேசறேன்" என்றார். அங்கேதான் சிக்கல். பையனின் அப்பா ஹூக்ளி நதியில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரக் காப்டன்களோடு பழகிய பழக்கத்தில் ஒரு கொள்கை வைத்திருந்தார். சேர்ந்து ஒரு கிளாஸ் எடுக்காத மனிதரோடு முக்கியமான எதையும் பேசமாட்டாராம். மதராஸிகள் வீட்டுக்கு வந்தாலும் தண்ணீரைக்கூடத் தொடாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள் என்ற மனத்தாங்கல் வேறு.

தயங்கித் தயங்கி இதைச் சொன்ன பையனை நான் சும்மா விடவில்லை. "உங்கப்பாவுக்கு மருமகள் வேண்டாம், பாட்டிலே போதும்னு சொல்லு" என்று வங்காளியில் பொரிந்து தள்ளினேன். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பேப்பருக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில்தான் இந்தக் கேள்வி.

"ஊர் சிரிக்கப் போறது" என்றாள் அம்மா.

"ஊருக்கா பொண்ணைக் குடுக்கப் போறோம்?" என்றார் அப்பா.

எங்கள் ஆபீஸில் கப்பல்களுக்குப் போய்வரும் பெரிய குமாஸ்தா ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் தாதா. அண்ணன் என்று அர்த்தம், அடியாள் இல்லை. ஒரு மாமாவுக்கு வேண்டும் என்று அவரிடம் புளுகினேன். மாமாவுக்கு என்ன வயது, முதல் தடவையா, வயிற்றில் ஏதாவது கோளாறு உண்டா என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். கொஞ்ச நாள் கழித்து டிபன் நேரத்தில் என் மேஜைக்கு வந்து, பையிலிருந்து மூன்று ஹோமியோபதிக் குப்பிகளை எடுத்து வைத்தார். கல்கத்தாவில் வீட்டுக்கு வீடு கிடக்கும் குப்பிகள்தான். உள்ளே இருந்தது மட்டும் வேறு.

"இது தீவுல செய்யறது. பார்லியைப் புகையில வாட்டுவாங்க. பழகினவங்களுக்குத்தான் ஒத்துக்கும். இது வயசான சரக்கு, விலையைக் கேட்டா உங்க மாமாவுக்குக் குடிக்காமலே தலை சுத்தும். இதோ, இது கலப்பு. மத்த தானியமும் சேர்ந்தது. லேசா இருக்கும். தண்ணி கலந்தா பச்சைக் குழந்தைதான்" என்றார். "அவசரப்பட்டு கிதிர்ப்பூர் கள்ளச் சந்தையில போய் வாங்கிடாதேம்மா. பாட்டில்தான் ஸ்காட்லாந்து. உள்ளே இருக்கறது எந்த ஊர்னு அந்தக் காளிக்குத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். குப்பிகளைத் திறந்து ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினேன். முதல் குப்பிக்கு, "ஹோமத்தை அணைச்ச மாதிரின்னா இருக்கு" என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இரண்டாவதை நிதானமாக முகர்ந்தார். நான் விலையைச் சொன்னதும் தானே மூடியைப் போட்டு அந்தண்டை வைத்துவிட்டார். மூன்றாவதை முகர்ந்தவர் அப்படியே இருந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இதுவும் பார்லிதானா? ஜுரம் வந்தா உங்கம்மா கஞ்சி போட்டுக் குடுப்பாளே, அந்த பார்லியா?"

"அதேதான்ப்பா, மத்த தானியமும் சேர்ந்ததாம். தாதா அப்படித்தான் சொன்னார்."

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெறும் தானியமும் தண்ணியும். அதுலேர்ந்து தேன் வாசனை வரது, பழ வாசனை வரது. என்னமா பண்ணியிருக்கான்" என்றார். நானும் வாங்கி முகர்ந்தேன். முதலில் சுருக்கென்று மூக்கில் ஏறியது. பொறுத்திருந்தால், அதற்குப் பின்னாலிருந்து ஆப்பிள் நறுக்கிய வாசனை மெல்ல வந்தது. என்னை இத்தனை படுத்திய சாமான், அதை வெறுக்கக்கூட முடியவில்லை. அப்பாவும் நானும் மாற்றி மாற்றி முகர்வதை அடுக்களை வாசலிலிருந்து பார்த்த அம்மா, "அப்பாவும் பொண்ணும் நன்னா இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொன்னேன். அப்பா மாட்டேன் என்றார். "அங்கேயே பாத்துக்கறேன். நீ இதுலயே ஒரு பாட்டில் சொல்லிடு."

பாட்டிலும் வந்தது. பையன் வீடு இருந்த ஹவுராவுக்குக் கிளம்பும் நாளில் அம்மா கூட வரவில்லை. ஆனால் ஒயர் கூடையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் அடுக்கி, நடுவில் பாட்டில் சாயாமல் நிற்க இடம் விட்டிருந்தாள். அப்பாவும் நானும் ஃபெர்ரியில் ஆற்றைக் கடந்தோம். வழி நெடுக அப்பா கூடையை மடியை விட்டு இறக்கவில்லை. இன்றைக்குப் பேச்சு முறிந்தால் முறிந்ததுதான். அப்பாவை இன்னொரு தரம் எந்த முகத்தோடு கூட்டிவருவது?

பையனின் அப்பா ஆள் வாட்டசாட்டம். வெள்ளை ஜிப்பா. அப்பாவோடு இங்கிலீஷில் பேசினார். என்னை "மிஸ்" என்று கூப்பிட்டார். பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளைப் படித்துவிட்டு, "லேசான சரக்கு, நல்ல தேர்வு. யார் சொன்னது?" என்றார். அப்பா என்னைக் காட்டினார். அவர் இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரத் தானே எழுந்து உள்ளே போனார்.

அவர் வரும்வரை அப்பா காத்திருக்கவில்லை. கிளாஸைக் கையில் எடுத்தார்.

நிறம், மணம், பார்லி, விலை என்று எல்லாம் விசாரித்து அப்பாவுக்கு ஒப்பித்த நான் ஒன்றைச் சொல்லவே இல்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்க வேண்டும் என்பதை. எங்கள் வீட்டில் தண்ணீரானாலும் காப்பியானாலும் உதட்டில் எச்சில் படாமல் அண்ணாந்துதான் குடிப்போம். அப்பாவுக்கு வேறு மாதிரி குடிக்கத் தெரியாது. தலையைப் பின்னால் சாய்த்தார். கிளாஸை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கினார். ஊற்றிக்கொண்டார்.

பொன் நிறத்தில் ஒரு நூல்போல இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, அவ்வளவுதான். கிளாஸைக் கீழே வைத்தபோது முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. கண்களிலிருந்து கரகரவென்று நீர் வழிந்தது. ஒரு இருமல் கிடையாது. வாசற்படியில் தண்ணீர் ஜாடியோடு அவர் சிலைமாதிரி நின்றுவிட்டார். அப்பாவைச் சாது, பயந்த சுபாவம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். எப்பேர்ப்பட்ட மனிதருக்கு நான் மகளாகப் பிறந்திருக்கிறேன் என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றபோதுதான் தெரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்பா கை நீட்டி ஜாடியை வாங்கி, தண்ணீரையும் அதேபோல அண்ணாந்து குடித்தார்.

பையனின் அப்பா மெதுவாக வந்து உட்கார்ந்தார். "இந்த ஆற்றில் எத்தனையோ காப்டன்களோடு குடித்திருக்கிறேன். இப்படி ஒருவர் குடித்து நான் பார்த்ததில்லை" என்றார். குரலில் கேலி இல்லை. பாட்டிலை எடுத்து, "இன்னொன்று?" என்றார்.

"வேண்டாம் சார்" என்றார் அப்பா. "எனக்கு ஒரே பெண். அவளுக்காக ஒன்று. இரண்டாவதை யாருக்காகக் குடிப்பது?"

அவர் தன் கிளாஸில் இருந்ததைத் தண்ணீர் விடாமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பாட்டிலைத் திருகி மூடினார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கம் திரும்பினார். "போஷோ, மா" என்றார். உட்காரம்மா என்று அர்த்தம். வங்காளிகள் பெற்ற பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் உட்காரவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன்.